பல்லைக் கடித்துக்கொண்டு

மார்ச் 3

அக்கா,

காலை வேனில் உன் கிளினிக்கிலிருந்து எங்கள் பல் லேபுக்குப் பெட்டி வந்தது. வேலைச் சீட்டில் உன் கையெழுத்து. நோயாளி எண் 4172, ஆண், வயது 69. பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

கோடு போட்டுவிட்டால் எனக்குத் தெரியாமல் போய்விடுமா? பிளாஸ்டர் அச்சை எடுத்து மேலண்ணத்தைக் கட்டைவிரலால் தடவினேன். நடுவிலிருந்து சற்றே இடப்பக்கம் தள்ளி, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு எலும்பு மேடு. பல் மருத்துவக் கல்லூரியில் நான் முதன்முதலாக அளவெடுத்த வாய் அது. கண்ணில் தண்ணீர் வழிய வழிய அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, அளவை வெளியே எடுத்ததும், "சின்னவளே, இதுக்கு என்னைக் கிணத்துல தள்ளியிருக்கலாம்" என்று சொன்ன வாய். பெற்ற அப்பாவின் வாய் எனக்கு அடையாளம் தெரியாதா?

எப்போது எல்லாப் பல்லையும் எடுத்தாய்? ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை? மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போன் வருவதில்லை. 'தொண்டை சரியில்லை' என்று செய்தி மட்டும் வருகிறது. தொண்டையில் என்ன வந்துவிட்டதோ என்று இங்கே ஒருத்தி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன்.

பதினோரு வருஷமாக நீயும் நானும் பேசிக்கொள்வது இந்தப் பெட்டிக்குள் போடும் சீட்டில்தான். 'உயரம் அதிகம்', 'நிறம் மாற்று', 'இன்னும் வெள்ளை'. அதுவும் நீ எழுதுவது லேபுக்கு, எனக்கு இல்லை. இன்றைக்கு முதல் தடவையாகச் சீட்டோடு கடிதமும் வைக்கிறேன். திருப்பி அனுப்பினாலும் சரி, படித்துவிட்டு அனுப்பு.

சீட்டில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. 'பற்கள் நேர் வரிசை' என்கிறாய். அப்பாவின் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மீது கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்குமே, மறந்துவிட்டதா? 'மேலண்ணம் கனமாக' என்கிறாய். எதற்கு? 'மெழுகுப் பரிசோதனை வேண்டாம்' என்கிறாய். மெழுகில் பல்லை அடுக்கி, வாயில் வைத்து, நாலு வார்த்தை பேச வைத்துப் பார்க்காமல் யாராவது பல் செட் முடிப்பார்களா? நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தானே அது?

சின்னவள்

*

மார்ச் 6

சின்னவளுக்கு,

நீ வைத்த கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தது என் வரவேற்பறைப் பெண். நல்லவேளை, பிரிக்கவில்லை. இனிமேல் எழுதினால் ஒட்டி அனுப்பு.

டிசம்பரில் எடுத்தேன். ஈறெல்லாம் சீழ். மிச்சமிருந்த ஒன்பது பல்லையும், வேறு எந்த டாக்டரையும் கை வைக்க விடாமல், இரண்டு தடவையாக நானே எடுத்தேன். பெற்ற அப்பாவின் பல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தட்டில் போடுவது எப்படி இருக்கும் என்று நீ கேட்கவில்லை. கேட்கவும் மாட்டாய். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றது அவர்தான். "பொக்கை வாயோட சின்னவகிட்ட பேச மாட்டேன். செட்டு வரட்டும்" என்றார். சீட்டில் கோடு போட்டது அதனால். போதுமா?

ஏப்ரல் 10 அன்று நான்காவது கிளையைத் திறக்கிறேன். அப்பா மைக்கில் பேசுகிறார். நான் கேட்கவில்லை, அவரே கேட்டார். முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு சொன்னவர். "கடைசியா ஒரு தடவை மைக்கைப் பிடிச்சுப் பேசிட்டா எனக்குப் போதும் பெரியவளே" என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தில் பல் டாக்டரின் அப்பா கோணல் பல்லோடு நிற்கக் கூடாது. நேர் வரிசை. வெள்ளை. கை தவறிக் கீழே போட்டாலும் உடையாத கனம். மெழுகுப் பரிசோதனைக்கு எனக்கு நேரமில்லை.

சீட்டில் உள்ளதைச் செய். யோசிப்பது டாக்டர் வேலை. அந்த வேலை வேண்டாம் என்று, கடைசிப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எழுந்து போனவள் நீ. என் முதல் கிளினிக்கின் பெயர்ப்பலகையில் என் பெயருக்குக் கீழே உன் பெயரையும் எழுத வைத்திருந்தேன். நீ போன மறுநாள் நானே ஏணியில் ஏறி அதன்மேல் வெள்ளை அடித்தேன். ஆளைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்ல வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் மழை பெய்து நனைந்தால் உன் பெயரின் முதல் எழுத்து லேசாகத் தெரிகிறது.

நீ என்ன செய்கிறாய் என்று கேட்பவர்களிடம், மேல்படிப்புக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பதினோரு வருஷமாக அது என்ன மேல்படிப்பு என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவ்வளவு மரியாதை வைத்திருக்கிறார்கள் என்மேல். நான்கு கிளை, இருபத்தாறு டாக்டர்கள். உன்னிடம் என்ன இருக்கிறது? ஒரு முக்காலியும், மெழுகு உருக்க ஒரு ஸ்பிரிட் விளக்கும்.

டாக்டர்

*

மார்ச் 14

டாக்டரம்மாவுக்கு,

செட் முடிந்தது. அச்சுப் பிசகாமல் சீட்டில் உள்ளபடி. நேர் வரிசை, வெள்ளை, கனம். எடுத்துப் பார், குளியலறைச் சுவரில் பதித்த டைல்ஸ் மாதிரி இருக்கிறது. வாழ்த்துகள்.

என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டாயே, சொல்கிறேன். கல்லூரியில் கடைசி வருஷம் ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். முன்பல் உடைந்து, மூன்று வாரம் வகுப்பில் வாயைக் கையால் பொத்திக்கொண்டே பாடம் நடத்தியவர். அளவெடுத்தது என் கூடப் படித்தவள். பல்லைச் செய்தது நான். பக்கத்துப் பல்லில் ஒரு மெல்லிய கோடும் ஓரத்தில் கொஞ்சம் தேய்மானமும் இருந்தன. அதே கோட்டையும் அதே தேய்மானத்தையும் என் பல்லிலும் வைத்தேன். ஆசிரியை கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இது என் பல்லுதானே?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் லேப் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இது போதும் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. உன்னிடம் சொல்லத்தான் அன்றைக்கு ஓடி வந்தேன். நீ பலகையில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று ஓவியரோடு பேசிக்கொண்டிருந்தாய். "அப்புறம் சொல்லுடி" என்றாய்.

அந்த அப்புறம் இன்றைக்குத்தான் வந்திருக்கிறது.

யாரும் கண்டுபிடிக்காத பல்தான் நல்ல பல். நீ போட்டு அனுப்புகிற பல்லைத் தெருவின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். காலையில் எட்டரைக்கு என் முக்காலியில் உட்கார்ந்தால், மதியம் சாப்பிட யாராவது தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டியிருக்கிறது. உன் இருபத்தாறு பேரில் ஒருவரையாவது அப்படித் தட்ட வேண்டியிருக்கிறதா, விசாரித்துச் சொல்.

இதைப் படிக்கும்போது நீ பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது. பார்த்துக் கடி. தேய்ந்துவிடும்.

செட்டைப் போட்டுவிட்டதும் அப்பாவை 'ஏழாவது நடைமேடை' என்று ஒரு தடவை சொல்லச் சொல்.

சின்னவள்

*

மார்ச் 20

நீ தெரிந்தே செய்தாய்.

செட் பொருந்துகிறது. ஆடவில்லை, குத்தவில்லை. கண்ணாடியைப் பார்த்து, மாப்பிள்ளை மாதிரி இருக்கிறேனா என்று சைகையில் கேட்டார். நீ எழுதியிருந்தபடி 'ஏழாவது நடைமேடை' சொல்லச் சொன்னேன். "ஏலாவது" என்றார். அவரே சிரித்தார். திரும்பச் சொன்னார். "ஏலாவது". "பலக்கமில்ல பெரியவளே, சரியாயிடும்" என்றார். 'பழக்கம்' என்று சொல்ல வந்தவர். அது தன் காதிலேயே விழுந்ததும் நிறுத்திவிட்டார்.

'ழ' வராதவன் மைக்கைத் தொடக் கூடாது என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சண்டை பிடித்த மனிதர். நம் இரண்டு பேர் தலையிலும் குட்டிக் குட்டி 'ழ' சொல்ல வைத்தவர். நாலு நாளாகக் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறார். 'காப்பி வேண்டாம்.' 'ஃபேனை நிறுத்து.' எழுதிக் காட்டுகிறார், புரிகிறதா உனக்கு? பேச்சையே பிழைப்பாக வைத்திருந்தவர்!

செட்டின் அண்ணத்தை நானே தேய்த்து மெலிதாக்கிப் பார்த்தேன். என் கைக்கு ஒரே சீராக வரவில்லை, இன்னும் தேய்த்தால் ஓட்டை விழும். உனக்கு இது முதலிலேயே தெரியும். தெரியாமலா அந்த வார்த்தையைப் பொறுக்கி எடுத்து எழுதினாய்? அப்பாவின் வாய்க்குள் கையை விட்டு என்னைக் குத்தியிருக்கிறாய்.

உன் ஆசிரியை கதை அழகாக இருக்கிறது. என் கதையையும் கேள். எனக்கு ஏழு வயது. அப்பாவுக்கு வலது கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. ஒரு பல் டாக்டரின் வாசல் பெஞ்சில் அவர் மடியில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரம். கடைசியில் ஒரு ஆள் வந்து, "டாக்டர் கிளம்பிட்டாரு, நாளைக்கு வா" என்றான். அப்பா அந்த வீக்கத்தோடு போய் சாயங்காலம்வரை அறிவிப்பு சொன்னார். ஒரு எழுத்து பிசகவில்லை. அன்றைக்கு நான் முடிவு செய்ததுதான் இந்த நான்கு கிளையும். என் கிளினிக்கில் யாரும் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பதில்லை. உனக்கு ஜன்னலில் நின்று பார்த்தால் போதும். எனக்கு அந்தக் கதவையே திறக்க வேண்டியிருந்தது.

உன் முதலாளிக்கு எழுதிவிட்டேன். 'நோயாளியின் பேச்சைக் கெடுக்கும் என்று தெரிந்தே செய்யப்பட்ட வேலை' என்று. என் கிளைகளின் வேலை இனியும் அந்த லேபுக்கு வர வேண்டுமா என்று அவரே முடிவு செய்யட்டும். ஏழரையைக் கூட்டியது நீ. அனுபவி.

டாக்டர்

*

மார்ச் 28

அக்கா,

முதலாளி உன் கடிதத்தை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தார். "ஏப்ரல் பதினஞ்சுக்குள்ள டாக்டரம்மா புகாரைத் திரும்ப வாங்கணும். இல்லேன்னா நீ வேற இடம் பாத்துக்கோம்மா" என்றார். நீயும் நானும் அக்கா தங்கை என்று அவருக்கு இன்னும் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. உன் மேல்படிப்புக் கதை கெட்டுவிடுமே. என் முக்காலியில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நான் பின்னறையில் பிளாஸ்டர் கரைத்துக்கொண்டிருக்கிறேன். குளிர்ந்ததா உனக்கு?

ஆனால் நீ எழுதியது உண்மை. தெரிந்தேதான் செய்தேன். அண்ணம் அந்தக் கனத்தில் இருந்தால் நாக்கு மடங்கி மேலே போக இடமிருக்காது, 'ழ' வராது என்று எனக்குத் தெரியும். உனக்குப் போன் செய்து கத்தியிருக்கலாம். செய்ய மாட்டேன் என்று பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். 'யோசிப்பது டாக்டர் வேலை' என்றாயே, சரி, யோசிக்காமலே செய்து தருகிறேன், நீ தோற்பதைப் பார்க்கிறேன் என்று செய்தேன். அப்பா எழுதிக் காட்டுகிறார் என்று படித்ததும் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் இல்லை, அவரிடம்.

அந்த வீங்கிய கன்னம் எனக்குத் தெரியாது. நான் அப்போது பிறக்கவே இல்லை. முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது நீ சொல்லியிருக்கலாம். என்னிடம் எப்போதும் 'படி, படி' என்றுதான் சொன்னாய். எதற்கு என்று சொன்னதே இல்லை.

கல்லூரியை விட்டு வரும்போது வெள்ளைக் கோட்டு, புத்தகம் எல்லாவற்றையும் அங்கேயே வீசிவிட்டு வந்தேன் என்று அப்பாவிடம் சொன்னாயாம். ஒன்றை மட்டும் கையோடு எடுத்து வந்தேன். அப்பாவின் வாயில் எடுத்த அந்த முதல் அச்சு. அவருக்குப் பல் எல்லாம் இருந்தபோது எடுத்தது. என் மேஜை அலமாரியில்தான் இருக்கிறது. நீ அனுப்பிய புது அச்சுக்கு நகல் வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரங்களில் இன்னொரு செட் செய்திருக்கிறேன். கால்மேல் கால் போட்ட பல் அதே இடத்தில் இருக்கிறது. அண்ணம் எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு மெல்லிசு. நிறம், நாற்பது வருஷம் டீ குடித்தவர் நிறம். கீழே போட்டால் உடையும். போடாதே.

இந்தப் பெட்டியில் சீட்டு இல்லை. நீ கேட்காத வேலை. குப்பையில் போடுவதானால் அவரிடம் ஒரு தடவை காட்டிவிட்டுப் போடு. புகாரைத் திரும்ப வாங்கு என்று நான் கெஞ்சப் போவதில்லை.

சின்னவள்

*

ஏப்ரல் 13

சின்னவளே,

உன் பெட்டியை அப்பாவிடம் காட்டவில்லை. என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சீட்டு இல்லாத எதையும் நான் யார் வாயிலும் வைப்பதில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் தேதி. புதுக் கிளையின் முன்னறை நிரம்பிவிட்டது. 'இன்னிக்குப் பேசிடுவேன்' என்று காலையில் அப்பா எழுதிக் காட்டியிருந்தார். புதுச் சட்டை போட்டு, அந்த நேர் வரிசைப் பல்லோடு மைக் முன்னால் போய் நின்றார். "எல்லாருக்கும் வணக்கம்" என்றார். குரல் அப்படியே இருந்தது. பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். "இந்தத் திறப்பு" என்று ஆரம்பித்து நிறுத்தினார். அடுத்த வார்த்தை 'விழா'. அவர் சொன்னால் 'விலா' என்று வரும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மைக்கைப் பிடித்தபடி நின்றார். யாரோ இருமினார்கள். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

எனக்கு உன்மேல் வந்த கோபம் இருக்கிறதே! பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். இழுப்பறையைத் திறக்கும்போது வாய்க்குள் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதைப் பார்க்க நேரமில்லை. பெட்டியைக் கொண்டுவந்து, "சின்னவ செஞ்சது" என்று அவர் கையில் வைத்துவிட்டு, கூட்டத்துக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டு நின்றேன். மாற்றிக்கொண்டார். மைக்கைத் திரும்பப் பிடித்தார்.

"திறப்பு விழா" என்றார்.

அதற்குப் பிறகு அவரை யாரால் நிறுத்த முடிந்தது? "ஏழாவது நடைமேடையில் நின்றுகொண்டிருக்கும் வண்டி" என்று அந்தப் பழைய குரலில் ஆரம்பித்ததும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நாற்பது நிமிஷம். என் நான்கு கிளையைப் பற்றி ஒரு வரி. அப்புறம், "இந்தப் பல்லைச் செஞ்சது என் சின்னப் பொண்ணு. அவ மேல்படிப்புக்கெல்லாம் போகலை. லேப்ல உக்காந்து பல் செய்யறா. நல்லாச் செய்யறா" என்றார், மைக்கில். பதினோரு வருஷம் நான் கட்டிக் காத்த கதை ஒரே மூச்சில் போயிற்று. இருபத்தாறு டாக்டர்களும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். வேண்டாம், நினைக்காதே. சிரிப்பாய்.

உன் ஆசிரியை மாதிரி அவர் கண்ணாடி கேட்கவில்லை. செட் போட்டிருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

நீ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அப்பாவை வைத்து என்னைப் பழிவாங்கினாய். அதை நான் மறக்கப் போவதில்லை. ஆனால் மெழுகுப் பரிசோதனை வேண்டாம் என்று எழுதியது நான்தான். உன் முதலாளிக்கு அதை எழுதி, நேற்றே ஆள் மூலம் கொடுத்தனுப்பிவிட்டேன். சீட்டு தப்பு, சீட்டை எழுதியவள் நான், செய்தவள் என் தங்கை என்று. மன்னிப்பு என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை. தேடாதே.

இன்னொன்று. அந்தச் சத்தம் என் கடைவாய்ப் பல். இடப்பக்கம், கீழே. பாதி உடைந்துவிட்டது. நான்கு கிளை வைத்திருக்கிறேன், யார் முன்னால் வாயைத் திறப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், போன மாதம் சேர்ந்த ஒரு பெண் டாக்டரைக் கூப்பிட்டு, பல்லைத் தேய்த்து அளவெடுக்கச் சொன்னேன். பாவம், மூன்று தடவை கையுறை மாற்றினாள். அதன்மேல் மாட்டும் கேப்பை யாரிடம் செய்யக் கொடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

சீட்டைப் பார். பெயர் எழுதியிருக்கிறேன். உயரம், நிறம், வடிவம் எல்லாவற்றையும் காலியாக விட்டிருக்கிறேன். அது உன் வேலை.

அக்கா

*

ஏப்ரல் 19

அக்கா,

முதலாளி உன் இரண்டாவது கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டரம்மா உன் அக்காவா? பதினோரு வருஷமா ஏம்மா சொல்லலே?" என்றார். "மேல்படிப்புல இருந்தேன் சார்" என்றேன். முக்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தார். ஒன்றரை மணி நேரம். வேண்டுமென்றே ழ வருகிற வார்த்தையாகத் தேடித் தேடிப் பேசினார்.

எனக்கும் உன்மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது. எனக்குச் சொல்லாமல் விட்ட மூன்று மாதம், ஏணி போட்டு அடித்த வெள்ளை, 'ஒரு முக்காலி' என்று எழுதினாயே, அது. எதையும் மறக்கவில்லை. உன் பலகையில் எனக்கு இடம் வேண்டாம். மழையில் தெரிகிற அந்த எழுத்தின்மேலும் நன்றாக இன்னொரு கை அடித்துவிடு.

உன் அச்சைப் பார்த்தேன். உடைந்திருப்பது ஒரு பல்தான். ஆனால் கடைவாய்ப் பல் அத்தனையும் மட்டமாகத் தேய்ந்து கிடக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் கடித்துத் தேய்ந்ததில்லை. வருஷக்கணக்கில் கடித்தது. நான்கு கிளை திறந்த ஒருத்தியின் வாய் இது என்று சொன்னால் இந்த லேபில் யாரும் நம்ப மாட்டார்கள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிட வரச் சொல்லித் தோளைத் தட்டினார்கள். போகவில்லை.

கேப் பெட்டியில் இருக்கிறது. உயரத்தை ஒரு இழை குறைத்திருக்கிறேன். மேல்பக்கம் கனமாக விட்டிருக்கிறேன். நீ என்மேல் இன்னும் பல்லைக் கடிப்பாய். அதற்குத் தாங்குகிற மாதிரி செய்திருக்கிறேன்.

சின்னவள்